ஒன்றரை ஷிப்டும் ஒரு நாள் கலோரிக் கணக்கும்

எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர் முதலில் கை வைப்பது மதியச் சோற்றில்தான். டிபன் பாக்ஸ் சின்னதாகிவிடும். இரண்டு நாள் பசியோடு மிஷினில் உட்காருவார்கள். மூன்றாம் நாள் நாலரை மணி டீயோடு இரண்டு பப்ஸ் உள்ளே போகும். எடை மட்டும் இறங்காது. திருப்பூரில் வேலம்பாளையம், அனுப்பர்பாளையம் பக்கம் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் பலருக்கு எடை ஏறுவது டீ இடைவேளைகளிலும், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் சாப்பிடும் சாப்பாட்டிலும்தான். ஆகவே கலோரிக் கணக்கைச் சமையலறையில் தொடங்காதீர்கள். ஷிப்ட் நேரத்தை வைத்துத் தொடங்குங்கள்.

"காலையில எட்டரைக்கு உட்கார்ந்தா ராத்திரி எட்டரை வரைக்கும் வேலை. இவ்வளவு உழைச்சும் எப்படிங்க குண்டாகும்?" இந்தக் கேள்வி நியாயமானது. தையல் களைப்பான வேலை, கண்ணும் தோளும் முதுகும் நொந்துபோகும் வேலை. ஆனால் களைப்பும் கலோரிச் செலவும் ஒன்றல்ல. பவர் மிஷினில் மோட்டார்தான் ஓடுகிறது. பாதம் பெடலை அழுத்துகிறது, விரல்கள் துணியைத் தள்ளுகின்றன. சும்மா படுத்திருக்கும்போது செலவாவதைப்போல் சுமார் இரண்டரை மடங்குதான் தைக்கும்போது செலவாகும். வேகமாக நடந்தால் நாலு மடங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) தன் பழைய வகைப்பாட்டிலேயே டெய்லரை ஆசிரியரோடு சேர்த்து உட்கார்ந்த வேலைக்காரர் வரிசையில்தான் வைத்திருந்தது.

இதை நம் நாட்டு ஜவுளித் தொழிலாளர்களிடமே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரின் சாப்பாட்டையும் எடையையும் வேலையையும் ஜீன் மேயர், பூர்ணிமா ராய், கே.பி. மித்ரா ஆகியோர் கணக்கெடுத்து 1956-இல் வெளியிட்டார்கள். மூட்டை சுமந்தவர்கள் நிறையச் சாப்பிட்டும் ஒல்லியாகவே இருந்தார்கள். வேலை குறையக் குறையச் சாப்பாடும் குறைந்தது, ஆனால் ஓர் எல்லை வரைதான். உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் சூப்பர்வைசர்களும் சுமை தூக்குபவர் அளவுக்குச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். உடம்பு அசையாமல் இருந்தால் பசியின் அளவுகோலே கெட்டுப்போகிறது என்பது அந்த ஆய்வு தந்த பாடம். பசியை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாதபோது எண்ணித்தான் ஆக வேண்டும்.

நம் சாப்பாட்டுக்குக் கலோரி அட்டவணை எங்கிருந்து வந்தது தெரியுமா? மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் வரும் குன்னூரிலிருந்து. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளைத் தொகுத்து 1937-இல் வெளியிட்டார். பிறகு ஐதராபாத்துக்குப் போன அந்த ஆய்வுக்கூடம்தான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அன்றைக்கு அந்தக் கணக்கு போதாத சாப்பாட்டை எப்படி நிரப்புவது என்பதற்காகப் போடப்பட்டது. இன்றைக்கு அதே கணக்கு மிஞ்சிய சாப்பாட்டுக்கும் தேவைப்படுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் எடை அதிகம்.

ஒரு நாள், ஓர் ஓவர்லாக் டெய்லர்

உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ உள்ள ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஐசிஎம்ஆர் 2020-இல் சொன்ன அளவின்படி, உட்கார்ந்த வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி, நடுத்தர வேலை செய்பவருக்கு 2,130. ஆணுக்கு, 65 கிலோ எடையில், 2,110-உம் 2,710-உம். நம் டெய்லருக்கு எடையும் கூடுதல், மிஷினை விட்டு எழுந்தால் வீட்டு வேலையும் காத்திருக்கிறது. ஆகவே 2,200 என்று கொள்வோம். அவர் சாப்பிடுவது என்ன?

காலையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: 350. பதினொரு மணி டீயும் ஒரு வடையும்: 220. மதியம் மூன்று கிண்ணம் சோறு, சாம்பார், பொரியல்: 750. நாலரை மணிக்கு டீ, வெஜிடபிள் பப்ஸ்: 370. ஏழரைக்கு மறுபடியும் டீ, நாலு பிஸ்கட்: 190. வேலை முடிந்து வரும் வழியில் இரண்டு பரோட்டா, சால்னா: 690. கூட்டினால் 2,570. கைக்குக் கை, கடைக்குக் கடை அளவு மாறும், ஆனாலும் நிலவரம் இதுதான். மூன்று டீ நேரமும் ராத்திரிச் சாப்பாடும் மட்டும் 1,470. நாளின் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. சாம்பார் சோற்றைத் திட்டிப் பிரயோசனமில்லை.

இப்போது மாற்றிப் பாருங்கள். காலை இட்லி அப்படியே இருக்கட்டும். பதினொரு மணிக்கு அரைச் சர்க்கரை டீ மட்டும்: 60. மதியம் இரண்டு கிண்ணம் சோறு, பொரியல் இரு மடங்கு, கூடவே ஒரு அவித்த முட்டை: 700. நாலரைக்கு டீயோடு ஒரு கிண்ணம் சுண்டல்: 220. அடுத்தது முக்கியமானது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரை மணி இடைவேளைக்கே கொண்டுவாருங்கள். காலையிலேயே இரண்டாவது டப்பாவில் இரண்டு சப்பாத்தியும் பருப்புக் கூட்டும் கட்டிக்கொண்டு போனால் 340. வெயில் காலத்தில் கூட்டு கெட்டுப்போகும் என்றால் சப்பாத்தியோடு வறுத்த கடலையும் ஒரு வெள்ளரிக்காயும் போதும். வீட்டுக்கு வந்து சர்க்கரை போடாத ஒரு டம்ளர் பால், 100. மொத்தம் 1,770. பழைய நாளைவிட 800 குறைவு, தேவையைவிட 430 குறைவு. பட்டினி எங்கேயும் இல்லை, வேளையும் குறையவில்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஆகவே மாதம் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ இறங்கும். எடை இறங்க இறங்கச் செலவும் குறைவதால் மூன்றாம் மாதத்துக்கு மேல் வேகம் தளரும். அது தோல்வியல்ல, உடம்பின் இயல்பு. "ஒரே மாதத்தில் பத்து கிலோ" என்று பவுடர் டப்பா விற்க வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

எண்ணுவதற்குச் செல்போன் செயலி கட்டாயமில்லை. மூன்று பொருளை அளந்தால் போதும். முதலாவது, சோறு. வீட்டில் ஒரே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை அளவுக் கிண்ணமாக்குங்கள். பாத்திரத்துக்குப் பேர்போன அனுப்பர்பாளையம் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் வெந்த சோற்றை நிரப்பி மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 150 கிராம் சோறு என்றால் ஏறக்குறைய 195 கலோரி. இரண்டாவது, எண்ணெய். 2024-இல் வந்த ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டி 2,000 கலோரி உணவில் ஒருவருக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு போதும் என்கிறது. நாலு பேர் குடும்பத்துக்கு அது மாதம் மூன்றரை லிட்டர். மாதம் எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். மூன்றாவது, சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் மூன்று டீ குடித்தால் 30 கிராம். வேறு இனிப்பே தொடாமல் அளவு தாண்டிவிடுகிறது.

ஆண்கள் நான்காவதாக ஒன்றையும் எண்ண வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் போடும் ஒரு குவாட்டரில் சாராயச் சத்திலிருந்து மட்டுமே ஏறக்குறைய 425 கலோரி. சைடு டிஷ் தனி. வாரம் முழுக்கக் கட்டிக்காத்ததை அந்த ஒரு ராத்திரி கணிசமாகத் தின்றுவிடும்.

நடை எதற்கு?

60 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 120 கலோரி அளவுக்குச் செலவாகும். ஒரு பப்ஸைக் கரைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஆகவே நடந்தே எடையைக் குறைத்துவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டில்தான். நடையும் பயிற்சியும் வேறு வேலை செய்கின்றன: குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்ளும், தசை கரையாமல் காக்கும், ரத்தச் சர்க்கரையை இறக்கும், முதுகைத் தாங்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி.

பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்ப்பவரிடம் தினமும் ஜிம்முக்குப் போ என்பது கருணையில்லாத பேச்சு. நடையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளலாம். கம்பெனி வேனில் வருபவர் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினால் பத்து நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் காம்பவுண்டுக்குள் பத்து நிமிடம். சாப்பிட்டதும் நடப்பது சர்க்கரை ஏறுவதை நன்றாகவே மட்டுப்படுத்துகிறது. ஏழரைச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு ஐந்து. ஞாயிற்றுக்கிழமை காலை முக்கால் மணி. கணக்கு நிறைந்துவிட்டது. 2023 நவம்பரில் தமிழக அரசு 38 மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டுத் தெருவிலேயே நடக்கலாம். காலை ஆறு மணிக்கு நடந்துவிடுங்கள். எட்டு மணிக்கு வேனும் டெம்போவும் வந்துவிடும்.

தசைப் பயிற்சிக்கு ஸ்டூலும் சுவரும் போதும். பெடலை அழுத்தும் கால் நாள் முழுக்க ஒரே கோணத்தில் இருக்கிறது. பண்டல் மாறும் நேரத்தில் எழுந்து நின்று குதிகாலைப் பதினைந்து முறை தூக்கி இறக்குங்கள். கையூன்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் வளைவது ஐந்து முறை. கட்டிங் மாஸ்டரும் அயர்னிங்காரரும் நாள் முழுக்க நிற்பவர்கள். அவர்கள் ஸ்டூல் பயிற்சியைவிட, உட்கார்ந்து காலை நீட்டி ஆற்றுவதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மெர்ச்சண்டைசர்கள் போனில் பேசும்போதெல்லாம் எழுந்து நடந்தாலே நாளில் அரை மணி கிடைக்கும்.

யார் குறைக்கக் கூடாது

இந்தக் கணக்கு எல்லோருக்கும் அல்ல. லைனில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடை குறைக்கிறார் என்று 42 கிலோ பெண் சோற்றைக் குறைப்பது ஆபத்து. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் குறைக்கவே வேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை சடாரென்று இறங்கி, ஓடும் மிஷின் முன்னாலேயே மயக்கம் வரலாம். பெடலில் காலும் ஊசியருகே விரலும் இருக்கும்போது அது என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு உடம்புதான் முதல். உட்காராத நாள் சம்பளமில்லாத நாள். ஐம்பது வயது வரை பவர் டேபிளில் கூலி எடுக்க வேண்டுமானால் முப்பது வயதிலேயே சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட வேண்டும். ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டுச் சராசரி 11.4. இஎஸ்ஐ பிடித்தம் உங்கள் சம்பளத்தில் போகிறது என்றால் இந்தப் பரிசோதனைகளுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்காக லீவு போட நேர்ந்தால், தகுதியுள்ளவருக்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கார்டை பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

முதலாளிமாரும் ஹெச்ஆரும் செய்ய வேண்டியது அதிகமில்லை. டீக்காரரிடம் சர்க்கரையைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுண்டல் பாத்திரம் வையுங்கள், விலை வடையைவிடக் கூடாமல். ஏழரை மணி இடைவேளை பத்து நிமிடமாக இருந்தால் இருபதாக்குங்கள். இரண்டாவது டப்பாவைப் பிரித்துச் சாப்பிட அவ்வளவு நேரமாவது வேண்டும். இது இல்லாமல் மேலே சொன்ன கணக்கு எதுவும் நடக்காது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் வீடுகளுக்கு வந்தது, 2024-இல் தொழிற்கூடங்களுக்கும் வந்தது. ஒரு கடிதம் எழுதி அழையுங்கள்.

வாரம் ஒருமுறை, சனிக்கிழமை காலை சாப்பிடும் முன், எடை பாருங்கள். அதைவிட நம்பகமானது உங்கள் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப். மூச்சை வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு எல்லை, பெண்ணுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச்; ஆணுக்கு 90 செ.மீ., முப்பத்தைந்தரை இஞ்ச். அளவைத் தேதியோடு சம்பளக் கவரின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். நாலு வாரமாகியும் அரை இஞ்ச் கூட நகரவில்லை என்றால் மறுபடி எண்ண வேண்டியது எண்ணெய் பாக்கெட்டை.