பூட்டு தமிழ், சாவி போர்த்துக்கீசியம்

கேள்வி: சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகியவை எந்த மொழிச் சொற்கள்? தமிழுக்கு எப்படி வந்தன?

பதில்: நான்கும் போர்த்துக்கீசியம். 'ஜனேலா' ஜன்னல் ஆயிற்று; 'மேசா' மேசை ஆயிற்று. சாவிக்கு மூலமான சொல் இன்று லிஸ்பனில் 'ஷாவ்' என்று ஒலிக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அதை 'ச்சாவெ' என்றே உச்சரித்தார்கள். தமிழுக்கு வந்தது அந்தப் பழைய ஒலி. இந்தியில் வழங்கும் 'சாபி'யும் அதே சொல்தான். அலமாரியின் கதை இன்னும் நீளம். லத்தீனில் அது ஆயுதம் வைக்கும் இடம். போர்த்துக்கீசியத்தில் சாமான் வைக்கும் அறைப்பெட்டியாகி, தமிழ் வீட்டில் புடவை அடுக்கும் இடமாக முடிந்தது.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-இல். ஆனால் கப்பல் நங்கூரம் போட்டால் மட்டும் சொல் கரையேறாது. ஒரே கூரையின் கீழ் ஆட்கள் பழக வேண்டும். அது நடந்தது கடலோர ஊர்களில். தூத்துக்குடியைச் சுற்றிய முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் கத்தோலிக்கர் ஆனார்கள்; பர்னாந்து, கோமஸ், மச்சாடோ என்ற பெயர்கள் அங்கே இன்றும் குடும்பப் பெயர்கள். நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூர்க் கடற்கரையில் சாந்தோமிலும் போர்த்துக்கீசியர் குடியேறினார்கள். உள்ளூரில் பெண் எடுத்தார்கள். சமையலுக்கும் தோட்டத்துக்கும் பிள்ளை வளர்க்கவும் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டார்கள். பிள்ளை வளர்ப்பவளுக்கு அவர்கள் மொழியில் 'ஆயா' என்றே பெயர்.

கோப்பை, துவாலை, பொத்தான், பீப்பாய், மேஸ்திரி, பாதிரி, ஏலம், அன்னாசி, கொய்யா, பப்பாளி எனத் தமிழில் தங்கிவிட்ட மற்றச் சொற்களைப் பார்த்தால், வேலைக்குப் போன இடத்தில் கேட்டவை என்பது தெரிகிறது. ஏலத்தைத் தவிர எல்லாம் கையால் தொடும் பொருள்கள், கூப்பிட்டால் வரும் ஆட்கள், வாயில் போடும் பழங்கள். உறவுப்பெயர் ஒன்றுகூட இவற்றில் இல்லை. வினைச்சொல்லும் தேடினால் அகப்படுவது அரிது. அம்மாவும் அத்தையும் இருக்கிற இடத்திலேயே இருந்தார்கள். வருவதும் போவதும் தின்பதும் தூங்குவதும் தமிழாகவே நடந்தன. மாறியது தட்டுமுட்டுச் சாமான்.

போர்த்துக்கீசியரின் கோட்டைகள் கைமாறிய பிறகும் அவர்கள் மொழி துறைமுகங்களை விட்டுப் போகவில்லை. டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் ஆங்கிலேயரும் தரகரோடும் வேலையாளோடும் பேச, கொச்சைப் போர்த்துக்கீசியத்தையே கைக்கொண்டார்கள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1698-இல் தரப்பட்ட சாசனத்தில், இந்தியாவுக்கு வரும் பாதிரிமார் ஓராண்டுக்குள் போர்த்துக்கீசியம் கற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையே இருந்தது. அரசியலில் தோற்றவர்களின் மொழி கடைத்தெருவில் இவ்வளவு காலம் ஓடியதால்தான் இத்தனை சொற்கள் ஒட்டிக்கொண்டன.

கேள்வி: அந்தப் பொருள்கள் தமிழரிடம் அதற்கு முன் இல்லை என்பதால்தான் பெயரையும் கடன் வாங்க நேர்ந்ததா?

பதில்: மேசைக்கு இந்த விளக்கம் பொருந்தும். சாவிக்கும் ஜன்னலுக்கும் பொருந்தாது. சிலப்பதிகாரத்திலேயே ஜன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு சொல் இருக்கிறது: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இதைவிடத் துல்லியமான பெயரை யாராலும் வைக்க முடியாது. அது போக, பலகணி, சாளரம் என்ற சொற்களும் உண்டு. சாவிக்குத் 'திறவுகோல்' இருந்தது. 'பூட்டு' இன்றும் தமிழ்தான். அதைத் திறப்பது மட்டும் போர்த்துக்கீசியம்.

மாறியது பொருளின் உருவம் என்று கொள்வதே சரியாகப் படுகிறது. பழைய கோயில்களில் சில பெரிய கதவுகளைத் திறக்க முழ நீளத்துக்கு வளைந்த இரும்புக்கோல் ஒன்று உண்டு. அதைக் கண்டவர்களுக்குத் திறவுகோல் என்ற பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. முந்தானையில் முடிந்துகொள்ளும் அளவில் ஒரு சிறு துண்டு வந்தபோது, அதைக் 'கோல்' என்று சொல்ல நாக்குக் கூசியிருக்கும். காலதரும் அப்படித்தான். காற்று வர விட்ட துளைக்கும், சட்டம் வைத்துக் கதவு போட்டுத் தெருவை வேடிக்கை பார்க்கும் திறப்புக்கும் ஒரே பெயர் போதவில்லை.

இதற்கு நேர்மாறான சாட்சி ஒவ்வொரு அடுக்களையிலும் இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். பொருள் முழுக்கப் புதிது, பெயரோ முழுக்கத் தமிழ். மிளகு செய்த வேலையைச் செய்த காய், ஆகவே மிளகாய். அன்னாசிக்கு அப்படி ஒப்பிட வீட்டில் ஏதும் இல்லாததால், தென் அமெரிக்கப் பழங்குடிகளின் பெயரே போர்த்துக்கீசியர் வாய்வழியாக வந்து நிலைத்தது. புதிதாக வந்த பொருளுக்குப் பழைய வேலை ஒன்று காத்திருந்தால் தமிழ்ப் பெயர் கிடைத்தது. இல்லாவிட்டால் வந்த பெயரோடு உட்கார்ந்தது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பாண், வாங்கு, சப்பாத்து என்று சொல்வது தமிழ்நாட்டில் புரிவதில்லையே, ஏன்?

பதில்: பாண் என்பது ரொட்டி, வாங்கு என்பது பெஞ்சு, சப்பாத்து என்பது ஷூ. மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்களே. கடப்பாரைக்கு அங்கே அலவாங்கு, சமையலறைக்குக் குசினி. தமிழ்நாட்டில் போர்த்துக்கீசியர் கடலோரத்தில் தங்கினார்களே தவிர உள்நாட்டை ஆளவில்லை. யாழ்ப்பாண அரசை 1619-இல் வீழ்த்தி நேரடியாகவே ஆண்டார்கள். நிலப் பதிவேட்டுக்கு அங்கே 'தோம்பு' என்று பெயர். அதுவும் அவர்கள் சொல். வீட்டுச் சாமானோடு நில்லாமல் வரி, காணி வரை சொல் புகுந்தது ஆட்சியின் அடையாளம்.

1658-இல் டச்சுக்காரர் வந்தார்கள், 1795 வரை இருந்தார்கள். அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர், மேசை இழுப்பறையைக் குறிக்கும் லாச்சி இரண்டும் அவர்களுடையவை. ஆக, ஒரு பழைய யாழ்ப்பாண எழுத்தர் கந்தோருக்குப் போய் மேசையின் லாச்சியைச் சாவியால் திறந்தால், ஒரே வாக்கியத்தில் இரண்டு ஐரோப்பிய ஆட்சிகளைக் கடந்துவிடுவார். வாக்கியத்தைக் கட்டிய வேற்றுமை உருபும் வினையும் தமிழ்.

தமிழ்நாட்டுக்கு டச்சு மொழி விட்டுச் சென்றவை சொற்பம். அவற்றில் நாள்தோறும் காதில் விழுபவை இரண்டு: துட்டு, கக்கூசு. வெட்கப்பட ஒன்றும் இல்லை, இரண்டும் தேவைதான்.

கேள்வி: தமிழ் பிறமொழிகளுக்குக் கொடுத்தது உண்டா?

பதில்: தாராளமாக. மலாய் மொழியில் கடை 'கெடாய்', கப்பல் 'காப்பல்', பெட்டி 'பெத்தி', வியாபாரத்தில் போடும் முதல் 'மொடால்'. போர்த்துக்கீசியர் தமிழுக்குத் தந்தவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அவை வீட்டுக்குள் புழங்கியவை; இவை அங்காடியிலும் துறைமுகத்திலும் புழங்கியவை. தமிழர் மலாய்க் கரைகளுக்கு வணிகர்களாகப் போனவர்கள்.

ஆங்கிலத்துக்குப் போனவற்றில் சுருட்டு உண்டு; மிளகுத்தண்ணீர் உண்டு. பின்னது இங்கே சோற்றில் ஊற்றும் ரசம். அங்கே இறைச்சியும் காய்கறியும் போட்ட கெட்டி சூப் 'மல்லிகட்டானி' என்ற பெயரில் பரிமாறப்படுகிறது. இதைவிட உருமாறியது கட்டுமரம். கிழக்குக் கரை மீனவர்கள் சில மரத்துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டிக் கடலில் இறக்குவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைப்பார்கள். மேலைநாடுகளில் 'கேட்டமரான்' என்றால் இரட்டை அடிப்பாகம் கொண்ட படகு. அதில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை.