பூட்டிய பள்ளிகளும் கட்சிக் கதைகளும்

அமெரிக்காவில் கொரோனா பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி இன்றும் இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பயந்துபோய்ப் பள்ளிகளைப் பூட்டினார்கள், ஒரு தலைமுறையின் படிப்பையும் நாட்டின் பொருளாதாரத்தையும் சேர்த்துக் கெடுத்தார்கள் என்பது ஒரு கதை. குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு உயிரைவிட வியாபாரமே பெரிது, பள்ளியைத் திற என்று அவர்கள் கத்தியதும் அதற்காகத்தான் என்பது இன்னொரு கதை. நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் வழியாக இரண்டும் நம் வாட்ஸப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தன. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தேதிகளையும் எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டுமே தடுமாறுகின்றன.

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பள்ளிக்கூடம் வாஷிங்டனின் கையில் இல்லை. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றை ஊர்மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியங்கள் நடத்துகின்றன. சாதாரண ஆண்டுகளில் பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றது மாநிலப் பணமும் ஊரார் கட்டும் சொத்துவரியும். தேசியக் கட்சிச் சண்டை ஊர் வாரியக் கூட்டம்வரை இறங்கியதற்கு இந்த அமைப்பே காரணம்.

நம்பிக்கை: பள்ளிகளைப் பூட்டியது ஜனநாயகக் கட்சி.

மாநிலம் முழுவதும் பள்ளிகளை மூடப்போவதாக முதலில் அறிவித்த ஆளுநர் ஒஹையோவின் மைக் டிவைன். அவர் குடியரசுக் கட்சிக்காரர். தேதி 2020 மார்ச் 12. ஐந்து நாள் கழித்து, அந்தக் கல்வியாண்டு முடியும்வரை வகுப்பறை கிடையாது என்று முதலில் சொன்ன மாநிலம் கேன்சஸ். அங்கே ஆளுநர் ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி. ஏப்ரலில் குடியரசுக் கட்சி ஆளுநர்களான டெக்சஸின் கிரெக் அபட்டும் ஃப்ளோரிடாவின் ரான் டிசாண்டிஸும் அதே முடிவுக்கு வந்தார்கள். அந்த மாதங்களில் இந்த விஷயத்தில் கட்சி பேதமே இல்லை.

பேதம் ஜூலையில் வந்தது. பள்ளிகள் இலையுதிர் காலத்தில் திறந்தே ஆகவேண்டும் என்று ஜூலை 6 அன்று அன்றைய அதிபர் டிரம்ப் ட்விட்டரில் எழுதினார். அதே நாளில் ஃப்ளோரிடாவின் கல்வித் துறை, ஆகஸ்டில் பள்ளிகளைத் திறக்கச் சொல்லி ஆணையிட்டது. அதன் பிறகு பள்ளி திறப்பு என்பது டிரம்பை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற கேள்வியாக மாறிவிட்டது. எந்த மாவட்டம் திறந்தது, எது திறக்கவில்லை என்று மைக்கேல் ஹார்ட்னி, லெஸ்லி ஃபிங்கர் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தொற்று என்பதைவிட, அந்த ஊர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப்போட்டது, ஆசிரியர் சங்கம் எவ்வளவு வலுவானது என்பவையே முடிவைத் தீர்மானித்திருந்தன. ஒரு குழந்தை வகுப்பில் உட்காருமா உட்காராதா என்பதை, அதன் ஊரார் 2016-ல் யாருக்குப் பொத்தான் அழுத்தினார்கள் என்பது தீர்மானித்திருக்கிறது. இதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு.

எல்லோரும் அப்படி நடக்கவில்லை. ரோட் ஐலண்டின் ஜீனா ரைமோண்டோ ஜனநாயகக் கட்சி ஆளுநர். அந்த இலையுதிர் காலத்திலேயே பள்ளிகளைத் திறக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். தம் கட்சிக்காரர்களின் முகம் கோணும் என்று அவர் தயங்கவில்லை.

நம்பிக்கை: பள்ளியா உயிரா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இரு கட்சியும் மக்களிடம் விற்ற நம்பிக்கை இது. உண்மையான கேள்வி வேறு: எதை முதலில் திறப்பது, எதைக் கடைசியில்? மனிதர்கள் கூடும் இடம் எல்லாவற்றுக்கும் ஆபத்து உண்டு. தாங்கக்கூடிய ஆபத்து இவ்வளவுதான் என்றால், அதை எதற்குச் செலவழிப்பது?

டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளைத் திறந்தது. மதுக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அதற்குப் பிறகுதான் முறை வந்தது. நியூ யார்க் நகரில் நடந்தது இதற்கு நேர்மாறு. பத்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் படிக்கும் அந்த மாவட்டம், பெரிய நகரங்களில் துணிந்து முன்னதாகத் திறந்தது என்ற பெருமைக்கு உரியது. ஆனால் நவம்பர் 18 அன்று, நகரில் பரிசோதனை செய்தவர்களில் 3 சதவீதம் பேருக்குத் தொற்று என்றதும், மறுநாள் முதல் பள்ளிகளை மூடச் சொன்னார் மேயர் பில் டி பிளாசியோ. அன்றைக்கும் நகரத்து உணவகங்களில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட அனுமதி இருந்தது. அந்த அனுமதி டிசம்பர் 14 வரை நீடித்தது. ஏழு வயதுப் பிள்ளை முகக்கவசம் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரக் கூடாது, பெரியவர்கள் கவசத்தைக் கழற்றிவிட்டு உள்ளறையில் சாப்பிடலாம். இதற்கு மருத்துவக் காரணம் கிடையாது. உணவகங்கள் மாநில ஆளுநரின் கையில், பள்ளிகள் மேயரின் கையில். இருவருக்கும் இடையே பிள்ளைகள் கைவிடப்பட்டார்கள்.

ஸ்வீடனை இழுக்காமல் இந்த விவாதம் முடிவதில்லை. பள்ளிகளைத் திறந்து வைத்த நாடு என்று அமெரிக்க வலதுசாரிகள் அதைக் கொண்டாடியபோது அந்த நாட்டை ஆண்டது சோஷலிஸ்ட் மரபில் வந்த சமூக ஜனநாயகக் கட்சி. 16 வயதுக்குட்பட்டோரின் பள்ளிகளை அது திறந்தே வைத்தது. அதற்கு மேற்பட்டோரின் வகுப்புகளை மார்ச்சிலேயே இணையத்துக்கு மாற்றியது. முதல் ஆண்டில் முதியோர் இல்லங்களில் அங்கே நேர்ந்த மரணங்கள் நார்வே, ஃபின்லாந்தைவிட மிக அதிகம். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் குறையவில்லை என்பதும் உண்மை.

நம்பிக்கை: திறந்து வைத்த மாநிலங்களில் படிப்பு இழப்பே இல்லை.

தேசிய அளவில் நடத்தப்படும் என்.ஏ.ஈ.பி. தேர்வில் 2019-க்கும் 2022-க்கும் இடையே எட்டாம் வகுப்புக் கணித மதிப்பெண் 8 புள்ளி சரிந்தது. அந்தத் தேர்வு கண்டிராத வீழ்ச்சி இது. மாநிலவாரியாகப் பாருங்கள்: நீண்ட காலம் மூடிக்கிடந்த கலிஃபோர்னியா 6 புள்ளி இழந்தது. சீக்கிரம் திறந்த டெக்சஸ் 7. திறந்ததைத் தேர்தல் மேடைகளில் பெருமையாகச் சொன்ன ஃப்ளோரிடா 8. மாநில ஆளுநரின் கட்சியை வைத்து இந்தச் சரிவை விளக்க முடியாது.

இந்த எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, மூடியதால் ஒன்றும் ஆகவில்லை என்று கிளம்பியவர்களும் உண்டு. அதுவும் பொய். மாநில சராசரி என்பது பல நூறு மாவட்டங்களைக் கலந்து எடுத்த எண். பள்ளி அளவுக்கு இறங்கி, 49 மாநிலங்களில் 21 லட்சம் மாணவர்களின் தேர்வுகளை டான் கோல்ட்ஹேபர், தாமஸ் கேன் முதலியோர் ஆராய்ந்தபோது படம் தெளிவானது. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த, 2020-21-ல் பெரும்பாலும் இணையத்திலேயே நடந்த பள்ளிகளில், கணிதத்தில் ஏறத்தாழ 22 வாரப் படிப்புக்கு ஈடான இழப்பு. வகுப்பறையில் நடந்த பள்ளிகளிலும் இழப்பு இருந்தது, ஆனால் அங்கே ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் இடையிலான தூரம் புதிதாகக் கூடவில்லை. இணைய வகுப்புகள் அந்தத் தூரத்தை அகலமாக்கின. தனி அறையும் நல்ல இணைய வசதியும் பக்கத்தில் உட்காரப் பெற்றோரும் உள்ள வீட்டில் மடிக்கணினி ஒரு வகுப்பறை. அம்மா மளிகைக் கடைக் கல்லாவில் நிற்க, மூன்று பிள்ளைகள் ஒரே போனைப் பங்கிட்ட வீட்டில் அது பெயருக்குப் பள்ளி. ஏழைகளின் கட்சி என்று சொல்லிக்கொள்ளும் கட்சி ஆண்ட நகரங்களில்தான் இது அதிகம் நடந்தது. அந்தக் கட்சியின் நலம் விரும்புகிறவர்கள் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: பள்ளியை மூடிவைத்தது ஆசிரியர் சங்கம் மட்டுமே.

சங்கங்களுக்குப் பங்கு உண்டு. தடுப்பூசி வந்து ஓராண்டு கழிந்த 2022 ஜனவரியில் சிகாகோ ஆசிரியர் சங்கம் வகுப்பறைக்கு வர மறுத்தது, ஐந்து நாள் வகுப்புகள் நடக்கவில்லை. அந்தச் சங்கத்தை எதிர்த்து நின்ற மேயர் லோரி லைட்ஃபுட்டும் ஜனநாயகக் கட்சிதான். என் மனத்துக்கு அந்த மறுப்பு நியாயமாகப் படவில்லை.

ஆனால் பெற்றோரின் பயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நியூ யார்க்கில் பள்ளி திறந்திருந்த நாட்களிலும் பெரும்பாலான குடும்பங்கள் இணைய வகுப்பையே கேட்டு வாங்கின. கறுப்பினக் குடும்பங்களும் ஹிஸ்பானியக் குடும்பங்களும் தங்கள் தெருக்களில் அதிகச் சாவுகளைப் பார்த்திருந்தன. காற்றோட்டமில்லாத பழைய கட்டடங்களை அவர்களுக்குத் தெரியும். அவர்களைச் சங்கம் எதுவும் தூண்டவில்லை.

வாரியங்களின் பொறுப்பையும் பேச வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் பள்ளிகள் மூடிக்கிடந்த 2021 ஜனவரியில், 44 பள்ளிகளின் பெயர்களை மாற்றுவது பற்றி வாரியம் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது. பள்ளியைத் திறக்கச் சொல்லி நகராட்சியே தன் பள்ளி மாவட்டத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. 2022 பிப்ரவரியில் மூன்று வாரிய உறுப்பினர்களை வாக்காளர்கள் ஓட்டுப்போட்டுப் பதவியிலிருந்து நீக்கினார்கள். மூவருக்கும் எதிராக விழுந்தவை பத்துக்கு ஏழு ஓட்டு அளவில். குடியரசுக் கட்சிக்கு ஆளே இல்லாத ஊர் அது.

நம்பிக்கை: ஊரடங்கு பொருளாதாரத்தைக் கொன்றது, பைடன் தந்த பணம் விலைவாசியை ஏற்றியது.

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் வேலையின்மை ஏறத்தாழ 15 சதவீதம். ஆணைகளால்தான் இது நேர்ந்ததா என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சேட் சிவர்சனும் கைபேசித் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் ஆணை, மறுபக்கம் ஆணை இல்லை என்ற ஊர்களை ஒப்பிட்டார்கள். கடைகளுக்கு வரும் கூட்டம் 60 சதவீதம் குறைந்தது; அதில் ஆணைகளால் குறைந்தது 7 புள்ளி மட்டுமே. மக்கள் நோய்க்குப் பயந்து தாமாகவே வீட்டில் இருந்தார்கள். ஆணையை நீக்கினால் வியாபாரம் திரும்பிவிடும் என்ற வாக்குறுதி அதனால்தான் பொய்த்தது.

விலைவாசிக் கதையில் இரு பக்கத்துக்கும் பங்கு. 2020 மார்ச்சில் 2.2 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டத்துக்கு செனட்டில் 96 ஓட்டு, எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லை. கையெழுத்திட்டவர் டிரம்ப். 2021 மார்ச்சில் அடுத்த அதிபர் பைடனின் 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணத்துக்குக் குடியரசுக் கட்சியின் ஓட்டு ஒன்றுகூட இல்லை. பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டது. நிவாரணச் செலவால் 2021 இறுதிக்குள் சுமார் 3 புள்ளி கூடியிருக்கலாம் என்பது சான் ஃபிரான்சிஸ்கோ மத்திய வங்கி ஆய்வாளர்களின் மதிப்பீடு. பைடன் ஆட்சி செய்யாத பிரிட்டனில் 2022 அக்டோபரில் 11.1 சதவீதம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பிள்ளைகளை நோய் தொடவில்லை.

பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். வளர்த்தவர்கள் எல்லோரும் பிழைக்கவில்லை. பெற்றோரையோ வளர்த்த தாத்தா பாட்டியையோ இழந்த அமெரிக்கப் பிள்ளைகள் 2 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பெரியவர்களின் சாவிலும் கட்சி புகுந்தது. தடுப்பூசியை விரைவுபடுத்தியது டிரம்ப் ஆட்சியின் திட்டம். அதைப் போட மறுத்தவர்கள் அவர் கட்சியில் அதிகம். ஒஹையோ, ஃப்ளோரிடா வாக்காளர்களைப் பற்றிய யேல் பல்கலைக்கழக ஆய்வில், தடுப்பூசி பெரியவர்கள் எல்லோருக்கும் கிடைத்த பிறகு குடியரசுக் கட்சியினரின் கூடுதல் மரண விகிதம் ஜனநாயகக் கட்சியினரைவிட 43 சதவீதம் அதிகம்.

நம்பிக்கை: பணம் கொட்டியாயிற்று, பிள்ளைகள் மீண்டுவிட்டார்கள்.

மூன்று சட்டங்கள் வழியாகப் பள்ளிகளுக்குச் சுமார் 19,000 கோடி டாலர் போனது. கடைசித் தவணையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைப் படிப்பு இழப்பை ஈடுகட்டச் செலவழிக்க வேண்டும் என்பதே விதி. மீதியைக் கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் செலவழிக்க மாவட்டங்களுக்குச் சுதந்திரம் இருந்தது. அந்தத் தவணையை ஒதுக்கும் கெடு 2024 செப்டம்பரில் முடிந்தது. அந்த ஆண்டு என்.ஏ.ஈ.பி. தேர்வில் நான்காம் வகுப்புக் கணிதம் 2 புள்ளி ஏறியது. நான்காம், எட்டாம் வகுப்பு இரண்டிலும் வாசிப்பு மேலும் 2 புள்ளி இறங்கியது. வாசிப்பின் சரிவு 2019-க்கு முன்பே தொடங்கியது என்பதால் எல்லாப் பழியையும் தொற்றின்மேல் போடவும் வழியில்லை. பள்ளி நாட்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் வராத பிள்ளைகள் தொற்றுக்கு முன் 15 சதவீதம்; 2021-22-ல் 28 சதவீதம். வராத பிள்ளைக்கு எந்த நிதியும் பாடம் சொல்லித்தராது.

அந்த 2024 தேர்வில் நான்காம் வகுப்பு வாசிப்பில் 2019-ன் நிலையைத் தெளிவாகத் தாண்டிய ஒரே மாநிலம் லூயிசியானா. கீழ்வகுப்பு ஆசிரியர்கள் எல்லோருக்கும் எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிக்கக் கற்பிக்கும் முறையில் பயிற்சி கட்டாயம் என்று 2021-ல் அங்கே சட்டம் வந்தது. சட்டத்தை நிறைவேற்றிய அவையில் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை. கையெழுத்திட்ட ஆளுநர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் ஜனநாயகக் கட்சி.