கழுத்தை விட்ட கை

சகோதரன் பிழை செய்தால் எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு வினவியபோது, ஏசுநாதர் ஒரு கடன்காரனின் கதையைக் கூறினார் (மத்தேயு, 18). அவன் அரசனுக்குச் செலுத்த வேண்டியது 10,000 தாலந்து. சக ஊழியன் அவனுக்குத் தர வேண்டியதோ 100 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 காசு. ஆக, முதற்கடன் ஆறு கோடி நாட்களின் உழைப்பு! அத்தனையும் தள்ளுபடியான பின்னரும் அவன் நூறு காசுக்காகச் சக ஊழியனின் கழுத்தைப் பிடித்தான்.

நூறு காசை அற்பத் தொகை என்று விளக்குவோர் உண்டு. அது பொருந்தாது. மூன்று மாதக் கூலிக்கும் மேற்பட்டது அது. நமக்கு இழைக்கப்பட்ட தீங்கு மெய்யானது என்பதை ஏசுநாதர் மறுக்கவில்லை. மன்னித்தலைக் குறிக்கச் சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் வரும் 'அஃபியேமி' என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் 'விட்டுவிடுதல்' என்பதே. கசப்பு என்பது கடன்பட்டவனின் கழுத்திலிருந்து எடுக்கப்படாத கை. பிடித்திருக்கும்வரை பிடித்தவனும் அவ்விடம் விட்டு நகர இயலாது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஏழை மக்களுக்காக உழைத்த கேரளக் கன்னியாஸ்திரீ ராணி மரியா, 1995-இல் பேருந்தில் சென்றபோது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2002-இல் அவருடைய தங்கை செல்மி பால் (அவரும் கன்னியாஸ்திரீயே) சிறைக்குச் சென்று அம்மனிதருக்கு ராக்கி கட்டினார். தீர்ப்பு தவறென்று அவர் வாதிடவில்லை. குற்றம் குற்றமாகவே நின்றது. ஆயினும் கட்டிய கயிற்றால் கைதி சகோதரரானார். 2006-இல் விடுதலை பெற்ற பின் அவர் கேரளம் சென்று, ராணி மரியாவின் பெற்றோரைச் சந்தித்தார்.