பட்டம் கையில் இருக்கிறது, அடுத்தது என்ன?



லயத்துக் காம்பிராவில் ஐந்தாறு பேருக்கு நடுவில் படித்து, உயர்தரம் சித்தியடைந்து, பல்கலைக்கழகமும் போய்ப் பட்டம் வாங்குவது சாதாரண காரியம் அல்ல. ஆனால் பட்டம் வாங்கிய பிறகும் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். இந்தப் பாடம் அவர்களுக்கும், அவர்களைப் படிக்க வைத்த அம்மா அப்பாவுக்கும்.

ஏன் வேலை இல்லை?

2020ஆம் ஆண்டு அரசாங்கம் சுமார் 50,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாகச் சேர்த்தது. அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் "நமக்கும் கடிதம் வரும்" என்று நம்பினார்கள். ஆனால் 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய 70 வீதம் கூடியிருந்தது. அரசாங்கம் புதிதாக ஆள் சேர்ப்பதை இறுக்கிப் பிடித்தது. ஆகவே வேலை கிடைக்காததற்குப் பிள்ளையின் கெட்டித்தனம் போதாது என்று நினைக்க வேண்டாம்.

கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதங்களுக்குக் கொழுந்து இல்லை. அதற்காக மலையை யாரும் கைவிடுவதில்லை. புல் வெட்டுகிறோம், உரம் போடுகிறோம். வேலை இல்லாத காலமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் என்ன செய்தோம் என்பதுதான் முக்கியம்.

சில வீடுகளில் நடக்கும் பேச்சு

அம்மா: என்னப்பா, கடுதாசி ஏதும் வந்துச்சா?
மகன்: இல்லம்மா.
அம்மா: பக்கத்து லயத்துல எல்லாரும் கேக்குறாங்க. நான் என்னான்னு சொல்றது?
மகன்: கொம்பியூட்டர் பழகலாம்னு பாக்குறேன்.
அம்மா: டிகிரி முடிச்சிட்டு மறுபடியும் படிப்பா?

அம்மாவின் கேள்வி நியாயமானது. பதில் இதுதான்: பட்டம் என்பது "இவரால் கற்றுக்கொள்ள முடியும்" என்பதற்கு அத்தாட்சி. வேலை தருபவர் அதற்கு மேலே இன்னொன்றும் கேட்கிறார்: "உமக்கு என்ன செய்யத் தெரியும்?" அதற்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும். மறுபடியும் படிப்பது அதற்காகத்தான்.

எவற்றைப் பழகலாம்?

1. மொழி. 2007 ஜூலை 1க்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. சிங்களம் பேச மட்டும் தெரிந்தால் போதாது. எழுதவும் வாசிக்கவும் பழகுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கடிதம் எழுதக்கூடியவருக்குக் காரியாலயங்களில் தேவை இருக்கிறது.

2. கொம்பியூட்டர். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கணினி நிரல் எழுதும் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பாடங்கள் ஆங்கிலத்தில் என்பதால் ஆங்கிலமும் சேர்ந்து வளரும். கலைப்பிரிவில் படித்தவர்களும் ஆரம்பத்திலிருந்து பழகலாம்.

3. கைத்தொழில். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழில் 7 மட்டங்கள் உண்டு. வயரிங், குழாய் வேலை, தையல், சமையல் போன்றவற்றை தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் பழகலாம். ஏற்கனவே மாமாவோடு போய் வேலை பழகியவர் மறுபடியும் வகுப்பில் இருக்க வேண்டியதில்லை. அவரைச் செய்து காட்டச் சொல்லிப் பரீட்சித்து, அனுபவத்துக்கே சான்றிதழ் கொடுக்கும் முறையும் உண்டு. பட்டதாரி கையில் ஸ்பேனர் பிடிப்பது வெட்கம் இல்லை.

4. தேயிலை. நம் பிள்ளைகளுக்குத் தேயிலை வேலையை யாரும் புதிதாகக் காட்ட வேண்டியதில்லை. அந்த அறிவைத் தகைமையாக மாற்றலாம். அத்துருகிரியவில் உள்ள தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் பெருந்தோட்ட முகாமைத்துவம் சார்ந்த பாடநெறிகளை நடத்துகிறது. கொழுந்து பறித்த கையின் பிள்ளை காரியாலய மேசையில் இருந்து தோட்டத்தை நடத்தக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

எப்படிப் பழகுவது?

நாலையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். ஒன்றைத் தெரிவு செய்து, ஆறு மாதத்துக்கு விடாமல் தினமும் இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பழகியதை உடனே எங்காவது செய்து பாருங்கள். கணக்கியல் படித்தவர் தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுத உதவிக்குப் போகலாம். கணிதம் தெரிந்தவர் லயத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைக்கலாம். சின்ன வருமானம் என்றாலும் கைச்செலவுக்கு ஆகும். சுயவிபரக் கோவையில் எழுதவும் ஒரு வரி கிடைக்கும்.

கவனம்!

காசு கொடுத்தால் வேலை என்று யாராவது வந்தால் நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம். வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். தொலைபேசி இலக்கம் 1989. காசு கட்டித்தான் ஆக வேண்டிய வகுப்பென்றால், சேருமுன் அந்த நிலையம் பதிவு செய்யப்பட்டதா, சான்றிதழ் எந்த மட்டம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கே சேர வேண்டாம்.

பெற்றோருக்கு

"வேலை கிடைச்சிருச்சா?" என்று தினமும் கேட்பதால் வேலை வராது. பிள்ளையின் மனம்தான் உடையும். "இன்னிக்கு என்ன பழகின?" என்று கேளுங்கள். படிக்கும் இரண்டு மணித்தியாலமும் டீவியைக் குறைத்து வையுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால், சமையலையும் தம்பி தங்கையையும் முழுக்க அவள் தலையில் போடாதீர்கள். அவளுக்கும் அந்த இரண்டு மணித்தியாலம் வேண்டும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டுப் பிள்ளைக்குச் செய்து காட்டக்கூடிய தொழில் என்ன தெரியும்?
2. அடுத்த ஆறு மாதத்தில் எந்த ஒன்றைப் பழகலாம்?
3. அதற்கு நேரம் ஒதுக்க வீட்டில் யார் எந்த வேலையை ஏற்றுக்கொள்வது?

மூன்றுக்கும் பதிலை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.