பதவி நீங்கிய பின் பணி

உரிய அகவைக்கு முன்னரே அலுவலை விட்டு ஓய்வு பெற்ற ஒருவர், வேறு வேலை எதுவும் மேற்கொள்ளாமல் எஞ்சிய காலத்தை மனநிறைவோடு கழித்தல் இயலுமா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுந்துள்ளது. நம் முன்னோர்க்கு இவ்வினா எழுந்ததில்லை. ஏர் பிடித்தவரும் தறி நெய்தவரும் கை ஓயுமளவும் உழைத்தனர். கை ஓய்ந்தபின் மக்கள் பேணினர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் வந்த பின்னரே ‘ஓய்வு பெறுதல்’ என்பது வாழ்வின் ஒரு பருவமாயிற்று.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்க்கு 58 ஆக இருந்த ஓய்வு அகவை 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஒருபால் எல்லை இவ்வாறு நீள, மற்றொருபால் விருப்ப ஓய்வு பெற்று ஐம்பதை ஒட்டிய அகவையிலேயே வெளியேறியோர் தொகையும் பெருகியது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் 50 அகவை நிரம்பியோர்க்கு அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தின்படி, நாடு முழுவதும் 78,000-க்கும் மேற்பட்டோர் 2020 சனவரித் திங்கள் 31-ஆம் நாள் ஒரே நாளில் பணி நீங்கினர். ஐம்பதில் ஓய்வு பெற்றவர் எண்பது வரை வாழ்வாராயின் முப்பது ஆண்டுகள் அவர்முன் கிடக்கின்றன. அலுவலகத்தில் கழித்த காலமும் அவ்வளவே. அத்துணைப் பெரிய காலத்தை என் செய்வது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். வேலை, பணி என்னும் இரண்டனையும் நாம் இன்று ஒரே பொருளில் வழங்குகிறோம். ‘பணி’ என்னும் சொல்லுக்குத் தொழில் என்பதோடு தொண்டு, கட்டளை, அணிகலன் என்னும் பொருள்களும் உள. வினையாக வருமிடத்து வணங்குதல், தாழ்தல் என்று பொருள்படும். கோயிலைப் புதுக்குதலைத் திருப்பணி என்கிறோம். புல் செதுக்கும் உழவாரத்தையும் பணி என்றே சொல்கிறோம். இவற்றுக்குச் சம்பளமும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. அலுவலிலிருந்து ஓய்வு பெறுபவர் சம்பளத்தையும் பதவியையும் விடுகிறார். அவற்றோடு பணியையும் சேர்த்து விட்டுவிடுகிறாரா என்பதைப் பொறுத்தே அவர்தம் பிற்காலம் அமைகிறது.

உரிய காலத்திற்கு முன் பதவி நீங்கியோருள் நம் நூல்கள் போற்றும் பெருமகனார் ஒருவர் உளர். அவர் பரஞ்சோதியார். படைக்கலப் பயிற்சியும், ஆயுள் நூலும், வடநூற் புலமையும், யானையேற்றம் குதிரையேற்றமும் கைவரப்பெற்ற அவர், மன்னனுக்காகப் படை செலுத்தி வாதாபி நகரை வென்று, யானைகளும் மணிகளும் கொணர்ந்தார் என்பது பெரியபுராணச் செய்தி. மன்னன் பெயரைச் சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர். அவன் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் என்பதும், வாதாபி வெற்றி கி.பி. 642-ஐ ஒட்டியது என்பதும் வரலாற்று ஆசிரியர் துணிபு. வெற்றியை வியந்த மன்னனிடம் அமைச்சர்கள், “இவர் சிவபெருமான் அடியார், இவரை எதிர்ப்பார் யாவர்?” என்றனர். மன்னன் திடுக்குற்றான். திருத்தொண்டர் ஒருவரைக் கொடிய போர்முனைக்கு ஏவினோமே என்று வருந்திப் பிழை பொறுக்க வேண்டினான். பெருஞ்செல்வம் அளித்து, இனி உம் விருப்பம்போல் தொண்டு செய்க என்று விடை கொடுத்தான்.

இன்றைய வழக்கில் சொன்னால், பணிக்கொடையுடன் கூடிய முன்கூட்டிய ஓய்வு இது. பரஞ்சோதியார் தம் ஊராகிய திருச்செங்காட்டங்குடிக்கு மீண்டார். திருவெண்காட்டு நங்கையாரை மணந்து இல்லறம் நடத்தினார். நாள்தோறும் அடியார்க்கு அமுதளித்த பின்னரே தாம் உண்ணும் நியமம் பூண்டார். படைத்தலைவராக இருந்தவர் பந்தியில் நின்று பரிமாறினார். அடியார்முன் தம்மை மிகச் சிறியராக வைத்து ஒழுகியமையால் ‘சிறுத்தொண்டர்’ என்னும் பெயரும் அவர்க்கு வாய்த்தது. அவர் வரலாற்றில் பின்னர் வரும் பிள்ளைக்கறிச் செய்தியையே பலரும் பேசுவர். அதனைப் பற்றிய ஆராய்ச்சி இங்கு வேண்டா. வாதாபிக்கும் அந்நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், பகைவரை வென்ற ஒருவர் ஒவ்வொரு நண்பகலும் வாயிலில் நின்று, உண்பதற்கு யாரேனும் வருகின்றனரா என்று வழிபார்த்திருந்தாரே, அதுவே நம் வினாவுக்கு விடை கூறுவது. அவரை எதிர்நோக்கிச் சிலர் பசியோடு வந்தனர். அவர்களை எதிர்நோக்கி அவர் நின்றார். ஆகவே அவருடைய நாள் வெறுமையாக இல்லை.

பெயரையும் ஊன்றி நோக்குதல் வேண்டும். பதவியை விடுதல் எளிது. ஓர் ஆணையில் அது முடிந்துவிடும். பதவியின் நினைவை விடுதல்தான் அரிது. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் திருக்கோயிலுக்குத் தொண்டு செய்ய வருவார். வந்த மூன்றாம் நாளே பூக்கட்டும் அம்மையாரை அதட்டுவார். ஓதுவாரிடம் கணக்குக் கேட்பார். வரிசையில் நிற்பதை இழுக்கு என்று கருதுவார். இத்தகையோரை அன்பர்கள் பலரும் கண்டிருப்பர். இவர் அலுவலகத்தை இழந்தவரே அன்றி ஓய்வு பெற்றவர் அல்லர். வீட்டிலும் இதே நிலைதான். கணவர் ஓய்வு பெற்ற நாளில் மனைவிக்கு ஓய்வு வருவதில்லை. பதினொரு மணிக் காப்பியும் மாலைச் சிற்றுண்டியுமாக அவ்வம்மையாரின் வேலை கூடுகிறது. நாற்பது ஆண்டு ஓயாத அடுக்களைக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை எவரும் அறிவித்ததில்லை. முன்னரே ஓய்வு பெறும் ஆடவர் தம் நிறைவைப் பற்றிச் சிந்திக்குமுன் இதனைச் சிறிது சிந்தித்தல் நலம்.

புராண காலத்துச் செய்தி நமக்குப் பொருந்துமோ என்பார்க்கு நம் நாஞ்சில் நாட்டிலேயே சான்று உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27-ஆம் நாள் தேரூரில் பிறந்தவர்கள். நாகர்கோயில், கோட்டாறு, திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் 36 ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றி 1931-இல் ஓய்வு பெற்றார்கள். அப்போது அகவை 55. இன்றைய கணக்குப்படி ஐந்தாண்டு முன்னதான ஓய்வு. அதன்பின் புத்தேரிக்கு வந்து தங்கி, 1954 செப்டம்பர் 26-இல் இறைவனடி சேரும் வரை 23 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்கள்.

அந்த 23 ஆண்டுகளில் விளைந்தவற்றை எண்ணிப் பாருங்கள். ‘மலரும் மாலையும்’ 1938-இல் வெளிவந்தது. எட்வின் ஆர்னால்டு புத்தர்பிரான் வரலாற்றைப் பாடிய நூலைத் தழுவிய ‘ஆசிய ஜோதி’ 1941-இல் வந்தது. ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ நூலானது 1942-இல். ‘உமர்கய்யாம் பாடல்கள்’ 1945-இல். ‘கவிமணி’ என்று நாம் இன்று கூறும் பட்டமே 1940-இல் சென்னையில் அவர்தம் 64-ஆம் அகவையில் வழங்கப்பட்டதுதான். ஓய்வு பெற்ற அன்றே அவர் வாழ்வு முடிந்திருக்குமாயின், நல்ல ஆசிரியர், இதழ்களில் இனிய கவிகள் எழுதியவர் என்ற அளவில் சிலர் நினைவில் மட்டுமே நின்றிருப்பார்.

இதிலிருந்து, ஓய்வு வந்தால் கவிதையும் தானே வரும் என்று எவரும் கருதிவிட வேண்டா. மருமக்கள் வழி மான்மியம் அவர் ஆசிரியராக இருந்த நாளிலேயே எழுதி இதழில் வந்தது. குழந்தைகளுக்குப் பாடும் பழக்கமும், கல்வெட்டுகளைத் தேடிப் படிக்கும் பழக்கமும் பணிக்காலத்திலேயே வேர்கொண்டவை. வயலில் முன்னரே விதைத்திருந்தார்; அறுவடைக்குக் காலம் கிடைத்தது. ஐம்பத்தைந்து வரை அலுவலகக் கோப்பைத் தவிர வேறொன்றையும் விரும்பிப் பயிலாதவர், ஐம்பத்தாறில் திடீரென்று வீணையோ வேதாந்தமோ தமக்கு இன்பம் தரும் என்று எதிர்பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே எஞ்சும். முன்கூட்டியே ஓய்வு பெற எண்ணுவோர், வங்கியிலுள்ள வைப்புத்தொகையைக் கணக்கிடுவது போலவே இதனையும் கணக்கிடுதல் வேண்டும்.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். சும்மா இருத்தலன்றோ மேலான நிலை? முருகப்பெருமான் அருணகிரிநாதர்க்கு உபதேசித்ததும் அதுவன்றோ? ஆம்; ஆயின் அவ்வுபதேசம் பெற்றவர் என் செய்தார் என்பதையும் காண்க. தலந்தோறும் நடந்தார், திருப்புகழ் பாடினார். நமக்குக் கிடைத்துள்ளனவே 1,300-க்கும் மேற்பட்டவை. மனம் அலையாதிருத்தலே அவ்வுபதேசத்தின் பொருள். கை முடங்கியிருத்தல் அன்று. மனம் அடங்காமல் கை மட்டும் முடங்கினால் தொலைக்காட்சியும், செல்பேசியும், அண்டை வீட்டார் செய்தியுமாகப் பகல் நீளும். அதற்குச் சும்மா இருத்தல் என்று பெயரிடுவது அருணகிரியார்க்கு இழுக்கு. நோயுற்றோர்க்கும், பல்லாண்டு கடும் உழைப்பால் நலிந்தோர்க்கும் வெறும் ஓய்வே மருந்து; அவர்கள் ஓராண்டோ ஈராண்டோ ஒன்றும் செய்யாதிருப்பதில் குற்றமில்லை. அவர்களை நோக்கி ‘ஏதாவது செய்யலாமே’ என்று துளைத்தெடுப்பது உறவினர் செய்யும் கொடுமைகளுள் ஒன்று.

முருகன் பெயர் வந்தமையால் தோவாளையை நினைவுகூர்தல் பொருந்தும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அண்மையிலுள்ள இவ்வூரின் மலர்ச்சந்தையை அறியாதார் இலர். விடியுமுன் பிச்சியும் மல்லிகையும் அரளியும் சம்பங்கியும் கொழுந்தும் குவிய, விலை பேசி முடித்து, கேரள நாட்டுக்கும் ஏற்றிவிடுவர். ஓணத்தின்போது இச்சந்தை கொள்ளும் கோலம் தனி. வெள்ளரளியும் செவ்வரளியும் பச்சை நொச்சியிலையும் கொண்டு, மணிகள் பதித்தாற்போல் மடித்துக் கட்டும் மாணிக்கமாலை இவ்வூர்க் கைவினை. 2025-இல் அது புவிசார் குறியீடு பெற்றது. மலையடி முருகன் கோயிலில் ஆண்டுதோறும் மலர் முழுக்கு விழாவும் நிகழ்கிறது.

இங்கே நார் கிழித்துப் பூத்தொடுப்போருள் எழுபது கடந்த அம்மையாரும் உளர். ‘பாருங்கள், எத்துணை நிறைவான முதுமை!’ என்று நாம் உடனே பாராட்டிவிடுதல் முறையன்று. முழத்துக்கு இத்தனை காசு என்று வயிற்றுக்காகத் தொடுப்பவர் பலர். ஓய்வு பெறலாமா, வேண்டாமா என்று ஆராயும் வாய்ப்பே அவர்க்கு இல்லை. முன்னரே ஓய்வு பெறுதல் பொருள் உடையார்க்குக் கிடைத்த பேறு என்பதை மறந்து பேசும் பேச்சில் உண்மை இராது. அவர்க்கு வேண்டுவது பிறர் பாராட்டு அன்று. அகவை முதிர்ந்தோர்க்கு உரிய உதவித்தொகையும், பூவுக்கு நேரிய விலையும்.

எனினும் ஊதியமின்றிப் பூத்தொடுக்கும் தொண்டு ஒன்று உண்டு. அதன் இயல்பைப் பெரியபுராணம் இரண்டு இடங்களில் விரிக்கிறது. திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து, அவ்வப்போதுக்குரிய மாலைகளைத் தொடுத்து இறைவனுக்குச் சாத்துவார். மற்றொருவர் கருவூரில் வாழ்ந்த சிவகாமியாண்டார். அவர் முதியவர். வாயைத் துணியாற் கட்டி மலர் பறித்துக் கூடையில் நிறைத்து, தண்டில் தூக்கிக்கொண்டு ஆனிலைக் கோயிலுக்கு விரைந்தார். எதிரே மதங்கொண்டு வந்த அரசனின் பட்டத்து யானை கூடையைப் பறித்துச் சிந்திற்று. யானையைத் தண்டால் புடைக்கப் பின்தொடர்ந்து ஓடினார். முதுமையால் இயலாமல் வீழ்ந்தார். நிலத்தைக் கையால் அறைந்து அலறினார். எறிபத்த நாயனார் மழுவேந்தி வந்தது அவ்வலறலைக் கேட்டே.

ஒரு கூடைப் பூவுக்கு இத்துணை அழுகையா? பூ மலிந்த நாடு, மீண்டும் பறித்துக்கொள்ளலாம். ஆயின் அப்பெரியவர்க்கு அது பூவின் இழப்பாகத் தோன்றவில்லை. அன்றைய வேளைக்கு இறைவன் திருமேனி தம் மாலைக்காகக் காத்திருக்கிறது என்று அவர் நம்பினார். தாம் செல்லாவிடின் ஓரிடத்தில் ஒரு குறை நேரும் என்னும் எண்ணம் அந்தத் தளர்ந்த உடலை யானையின் பின்னே ஓடச் செய்தது. ஓய்வு பெற்றோர் பலரிடம் காணாமற்போவது இவ்வெண்ணமே. ‘நான் போகாவிட்டால் யாருக்கு என்ன?’ என்ற சொல் வாயில் வரத்தொடங்கும்போது, ஓய்வூதியம் எவ்வளவு வந்தாலும் பகற்பொழுது கனக்கிறது. அலுவலகம் இவ்வெண்ணத்தைச் சம்பளத்தோடு சேர்த்து இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. அதனை விட்டு வந்தவர் தாமே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது.

தேடுமிடம் திருக்கோயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கண்பார்வை மங்கிய பெரியவர் ஒருவர்க்கு நாள்தோறும் நாளிதழ் படித்துக் காட்டலாம். பத்தாம் வகுப்பில் தவறிய மாணவன் ஒருவனை மாலையில் அமர்த்திக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். குறித்த நேரமும், காத்திருக்கும் ஓர் உயிரும் இருத்தல் வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது செய்வேன்’ என்பார்க்கு, நேரம் முழுவதும் கிடைத்துவிட்டமையாலேயே செய்ய இயலாமற் போகிறது.

திருக்கோயிலையே விரும்புவார், முதல் ஆறு திங்கள் பொறுப்பு எதுவும் கேளாமல் வருதல் நன்று. பூத்தொடுக்கத் தெரியாதவர் வாழைநாரை நனைத்து, கிழித்து, தொடுப்பார் கையில் எடுத்துக் கொடுக்கலாம். வாடிய மலரையும் காம்பு ஒடிந்ததையும் ஆய்ந்து நீக்கலாம். நந்தவனமுள்ள கோயிலாயின் காலைப் பூசைக்கு முன் அரளிக்கும் துளசிக்கும் நீர் வார்க்க ஒருவர் என்றும் தேவைப்படுகிறார். என்று வர இயலாதோ அன்று முன்னாளே சொல்லிவிடுதல் வேண்டும், செடி காத்திருக்கும்.