கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

நண்பர்களே, நம்ம வகுப்பில் நீச்சல் தெரியாதவர்கள் மிகவும் குறைவு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகியவர்கள்தான் பெரும்பாலும். மோட்டார் ரூம் மேலே ஏறிக் குதிக்கிற வீரர்களும் உண்டு (பெயர் எழுதினால் அடிக்க வருவார்கள்). ஜனவரியில் மாமல்லபுரம் சுற்றுலா என்று அறிவிப்பு வந்த நாளிலிருந்து, "கடலையும் ஒரு கை பார்த்துடலாம்டா" என்று இவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கேயும் கொண்டுபோகாது. களைத்துப் போனால் நாலு கை போட்டுப் படியைப் பிடித்துக்கொள்ளலாம். கடல் அப்படி அல்ல. அலைகள் கரைக்குத் தள்ளுகிற தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? வயலில் தேங்கிய தண்ணீர் மடையைத் தேடி ஓடுவது போல, அதுவும் மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சேர்ந்து கடலை நோக்கி ஓடும். இதுதான் இழுப்பு நீரோட்டம். வேகமாக ஓடும்போது நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் போகும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சீன வீரர் பான் சான்லே 100 மீட்டரை 46.40 நொடியில் நீந்தி உலக சாதனை செய்தார். வகுத்துப் பாருங்கள், அவருக்கே நொடிக்குச் சுமார் 2.15 மீட்டர்தான் வருகிறது. நம்ம கதி?

இதில் ஏமாற்று வேலை ஒன்று இருக்கிறது. இழுப்பு ஓடும் இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை அவ்வளவாக உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதி. "இந்த இடம் நல்லாயிருக்கே" என்று சரியாக அங்கேதான் போய் இறங்குவோம்! தண்ணீர் அங்கே கொஞ்சம் கறுத்தோ மணல் கலங்கியோ தெரியும். நுரையும் குப்பையும் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். இறங்குமுன் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆஸ்திரேலியப் பிரதமர் ஹரோல்ட் ஹோல்ட் கடலில் மூழ்கி மீன் வேட்டையாடுவதில் பழகியவர். 1967 டிசம்பர் 17 அன்று, தனக்கு நன்கு தெரிந்த செவியட் கடற்கரையில் நீந்தப் போனார். திரும்பி வரவில்லை. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

போன வருஷம் எங்க அத்தை மகனுக்கும் இப்படி ஆகப் பார்த்தது. இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றான். கால் தரையை விட்டதும் பயந்து கரையைப் பார்த்து வேகமாக நீந்தினான். நீந்த நீந்தக் கரை தள்ளிப் போனதாம். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், "தம்பி, எதுத்து நீந்தாதே, மல்லாந்து கெட!" என்று கத்தினார். அவன் மிதந்தான், கையைத் தூக்கி ஆட்டினான். அவர் டியூபோடு போய் இழுத்து வந்தார். அத்தை கரையில் அழுததை நான் மறக்கவே மாட்டேன்.

மீனவர் சொன்னதுதான் சரியான வழி. இழுப்பு நம்மைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடையும் இடம் தாண்டினால் அதன் வேகம் குறைந்துவிடும். அதுவரை மிதக்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு நேராக வராமல், கரை ஓரத்துக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே அலையே கரைப் பக்கம் தள்ளிவிடும்.

இன்னொன்று. நண்பன் தத்தளித்தால் பின்னாலேயே குதித்துவிடாதீர்கள். காப்பாற்றப் போனவரே மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. கத்தி ஆள் கூப்பிடுங்கள். காலி கேன், பிளாஸ்டிக் குடம், மிதக்கிற எதுவானாலும் தூக்கிப் போடுங்கள். அவனைக் காட்டி விரலை நீட்டியபடியே நில்லுங்கள், அலையில் தலை மறைந்தால் தேடுவது கஷ்டம்.

பி.டி. சாரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு லாரி டியூபும் நீளக் கயிறும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். "ஆனா முழங்காலுக்கு மேலே எவனும் இறங்கக் கூடாது" என்றார். மோட்டார் ரூம் வீரர்கள் கவனிக்கவும்.

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு