ஆமை வேக மடிக்கணினியை ஓட வைத்தோம்!



என் பெரியப்பா மகள், அதாவது எங்க அக்கா, 2015-இல் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசின் விலையில்லா மடிக்கணினி எங்கள் வீட்டில் இருக்கிறது. (தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2011-இல் தொடங்கியது.) கல்லூரிப் படிப்பு முழுவதையும் அக்கா அதில்தான் முடித்தார். இப்போது குரூப் 4 தேர்வுக்கு அதில்தான் படிக்கிறார். ஆனால் வயசாகிவிட்டது. பட்டனை அமுக்கிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"காயலான் கடையில போட்டுட்டு வேற பார்க்கலாம்மா" என்றார் பெரியப்பா. வேறு வாங்க வீட்டில் பணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கா மெதுவாக, "அதுல தாத்தா பேசினது இருக்குப்பா" என்றார். தாத்தா 2020-இல் இறந்துவிட்டார். அவர் சொன்ன ஊர்க்கதைகளை அக்கா 2018-இல் பதிவு செய்து வைத்திருந்தார். மொத்தம் 14 கதைகள். அன்றைக்கே நான் எங்கள் கணினி ஆசிரியரிடம் போனேன். அவரிடம் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. முதலில் நோய் என்ன என்று பார்!

"ஸ்லோவா இருக்குன்னு உடனே சாமான் வாங்காதே" என்றார் சார். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். எங்கள் மடிக்கணினியில் பிராசஸர் 20 சதவீதம்தான் வேலை செய்தது. ராம் 90 சதவீதம் நிரம்பியிருந்தது. ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றது. அதாவது மூளை சும்மா இருக்கிறது, கை கால்தான் ஓடவில்லை!

2. ஏன் மெதுவாகிறது?

நம் வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். பரண்தான் ஹார்ட் டிஸ்க். அடுப்பு மேடைதான் ராம். சமைக்கும்போது வேண்டிய சாமானைப் பரணிலிருந்து இறக்கி மேடையில் வைக்கிறோம். மேடை சின்னதாக இருந்தால்? ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டு இன்னொன்றை இறக்க வேண்டும். ஏற்றி இறக்கியே நேரம் போய்விடும். ராம் நிரம்பினால் கணினியும் இதையேதான் செய்கிறது.

பரண் ஏறுவது ஏன் தாமதம்? பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 90 சுற்று. வேண்டிய தகவல் ஊசி முனைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி, சராசரியாக அதில் பாதி. ஊசி இடம் மாறும் நேரம் தனி. ஒரு தடவைக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் விண்டோஸ் திறக்க ஆயிரக்கணக்கான தடவை தேட வேண்டுமே!

எஸ்எஸ்டி என்பதில் சுற்றும் தட்டே கிடையாது. எல்லாம் ஃபிளாஷ் சிப். (ஃபிளாஷ் நினைவகத்தை 1980-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஃபுஜியோ மசுவோகா.) தேடும் நேரம் ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி. பரணே மேடைக்குப் பக்கத்தில் வந்த மாதிரி.

3. ஸ்க்ரூவைத் தொடுமுன் பிரதி எடு!

நான் ஸ்க்ரூடிரைவரோடுதான் போனேன். சார் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "முதல்ல காப்பி எடு" என்று ஒரு பென்டிரைவ் கொடுத்தார். வீட்டில் இரவு 8 மணிக்கு ஆரம்பித்தேன். ஹார்ட் டிஸ்க் "டக் டக்" என்று சத்தம் போட்டது. நடுநடுவே நின்றது. விடியற்காலை 3 மணிக்குத்தான் முடிந்தது. சில போட்டோக்கள் வரவில்லை. தாத்தாவின் 14 கதையும் வந்துவிட்டது.

4. கழற்றி மாட்டுதல்

மறுநாள் ஆய்வகத்தில் செய்தோம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தோம். மிச்ச மின்சாரம் போய்விடும். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும் என்பதால் இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். ஒரு தாளில் மடிக்கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கேயே செல்லோ டேப்பால் ஒட்டினேன்.

பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியை வைத்தோம். அப்படியே பொருந்தியது.

ராமில்தான் நான் தப்பு செய்தேன். கடையில் "லேப்டாப் ராம்" என்று மட்டும் கேட்டு டிடிஆர் 4 வாங்கி வந்துவிட்டேன். எங்களுடையது டிடிஆர் 3. இரண்டிலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்று அழுத்தினேன். சார் சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். "போகலைன்னா அது அதோட இடம் இல்லைன்னு அர்த்தம்டா." மறுநாள் கடையில் மாற்றிக் கொண்டேன். சரியான ராம் சாய்வாக நுழைந்து, கீழே அமுக்கியதும் "டிக்" என்று உட்கார்ந்தது. ஏற்கெனவே இருந்த 2 ஜிபியோடு காலி ஸ்லாட்டில் 4 ஜிபி சேர்ந்து 6 ஜிபி ஆனது.

மின்விசிறியில் பஞ்சு மாதிரி தூசி இருந்தது. பிரஷ்ஷால் எடுத்தோம். சூடு அதிகமானால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு எங்கள் பிராசஸர் தகுதி இல்லை. எனவே இலவச லினக்ஸ் மின்ட் போட்டோம். தமிழில் தட்டச்சும் செய்யலாம்.

5. பலன்

முன்பு: பட்டன் அமுக்கி இணையப் பக்கம் திறக்க 4 நிமிடம் 40 நொடி.
எஸ்எஸ்டி மாற்றிய பின்: 41 நொடி. (லினக்ஸுக்கும் இதில் பங்கு உண்டு.)
ராமும் சேர்த்த பின்: 39 நொடி.

ராமால் இரண்டு நொடிதானா என்று எனக்கு ஏமாற்றம். ஆனால் வீடியோ வகுப்பு, வினாத்தாள், அகராதி மூன்றையும் சேர்த்துத் திறந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. முன்பு போல் திணறவில்லை. ஆகவே, திறக்கவே நேரமானால் எஸ்எஸ்டி. நிறைய திறந்தால் திணறினால் ராம். கையில் உள்ள காசுக்கு ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டியே முதல்.

கவனிக்க!
* பிராசஸர் பெரும்பாலான மடிக்கணினிகளில் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மாற்ற ஆசைப்படாதீர்கள்.
* பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ கூடாது. தீப்பிடிக்கும். பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரம் கழித்துப் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேசிங்கில் போட்டுச் சொருகிப் பார்த்தேன். "டக் டக்" சத்தம் மட்டும் வந்தது. திறக்கவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அன்று சார் ஸ்க்ரூடிரைவரை வாங்கி வைக்காவிட்டால்?

இப்போது தாத்தாவின் கதைகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா தானே மடிக்கணினியைத் திறந்து, "அந்த ஏரிக்கரைக் கதையைப் போடும்மா" என்று கேட்டார். காயலான் கடைப் பேச்சை அவர் அதன் பிறகு எடுக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கணினி இருக்கும். வேகமாக்குவது அப்புறம். இன்றைக்கே ஒரு பிரதி எடுங்கள்.



— பதினோராம் வகுப்பு மாணவன், 'ஆ' பிரிவு